செம்பவாங்குக்குச் சொல்லியாச்சா

காற்பந்துப் போட்டிக்குத் திடல் ஒதுக்கும் குலுக்கலில் இந்த முறையும் அவர்களுக்கு விழவில்லை. பலதுறை மருந்தகத்தின் பதிவு முகப்பில் உட்கார்ந்து காலையிலிருந்து எண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்த நூருன்னிசா, மதிய இடைவேளையில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தத் தகவல் வந்திருந்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அண்ணன் மகன் ஸைஃபுக்குக் குரல்செய்தி அனுப்பினாள்.

“கெடைக்கல ஸைஃபு. வாடகைக்குத்தான் பாக்கணும்.”

உடனே பதில் வந்தது. “ஓகே மாமி, புக்கிட் பாஞ்சாங்ல ஒரு இடம் இருக்கு, நான் செக் பண்றேன். சாட்டர்டே மீட்டிங் மறந்துடாதீங்க லா. ஃபிஃப்டித் இயர், கொஞ்சம் கிராண்டா பண்ணணும்.”

கிராண்டாக. அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள்.

காற்பந்து ஆட்டத்தை அவள் ஒருநாளும் ரசித்ததில்லை. ஆஃப்சைட் என்றால் என்ன என்று இன்றுவரை அவளுக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பைத்தியமெல்லாம் அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் முகைதீனுக்குத்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நோன்பு மாதத்தில் அவர் கடையிலேயே மயங்கி விழுந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறிப்போனது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஒரு வருஷம் மட்டும் நீ பாத்துக்க” என்றார். அப்போது அவர் தேறி வருவாரா என்பதே நிச்சயமில்லை. மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த ஒரு வருடம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘அழைப்புக் கிண்ணம்’ என்று எல்லாரும் சொல்லும் அந்தப் போட்டி எழுபதுகளின் நடுவில் தொடங்கியது. டன்லப் ஸ்திரீட்டிலும் சிராங்கூன் ரோட்டிலும் துணிக்கடை, சாமான் கடைகளில் நின்ற இளவட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபேரர் பார்க் திடலில் பந்து உதைப்பார்கள். அவர்களுக்கு முகைதீன்தான் தலைவன். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வைத்தால் அடிதடியில் முடியும் என்று பயந்து, எட்டுக் குழுக்களைத் தாங்களே பொறுக்கி எடுத்து அழைப்பு அனுப்பினார்கள். தோற்ற குழு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ஜெயித்த குழு அடுத்த ஆட்டம் ஆடும். பெட்டிங், சண்டை எதுவும் கிடையாது. ஆட வந்த எல்லாருக்கும் சாப்பாடு உண்டு.

முதல் வருட இறுதியாட்டத்தின் கதையை நூருன்னிசா நூறு தடவை கேட்டிருக்கிறாள். டன்லப் ஸ்திரீட்டுக்கும் செம்பவாங் கப்பல்துறைத் தமிழர்களுக்கும் ஆட்டம். ஆளுக்கு ஒரு கோல் போட்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. கடைசி நிமிடத்தில் முகைதீன் அடித்த பந்து ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு போக, செம்பவாங் கோல்கீப்பர் விழுந்து கோட்டின் மேலேயே அதை அமுக்கிப் பிடித்தார். உள்ளே போய்விட்டது என்று நடுவர் ஊதிவிட்டார். போகவே இல்லை என்று கத்தினார்கள் செம்பவாங்காரர்கள். ஆட்டம் முடிந்ததும் கைகூடக் கொடுக்காமல், பரிசளிப்புக்கும் நிற்காமல் லாரி ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த வருடம் முதல் அழைப்பு செம்பவாங்குக்குத்தான் போனது. பதில் இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. முகைதீன் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் எட்டாவது இடத்தைக் கடைசி வாரம் வரைக்கும் காலியாகவே வைத்திருப்பார். அவர்கள் வரமாட்டார்கள் என்று ஆனபிறகுதான் வேறு யாரையாவது கூப்பிடுவார். கூட்டாளிகள் கேலி செய்தால், “கோவத்துல போன மனுஷங்கப்பா. நாமதான் கூப்பிடணும்” என்பார்.

காலம் போகப் போக எல்லாம் சுருங்கியது. ஃபேரர் பார்க்கிலிருந்து பள்ளித் திடல்களுக்குப் போனார்கள், அங்கிருந்து வாடகைத் திடல்களுக்கு. பதினொரு பேர் ஆட்டம் ஏழு பேர் ஆட்டம் ஆனது. கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். கொரோனாவில் இரண்டு வருடம் போட்டியே இல்லை. இதோடு நின்றுவிடும் என்று நூருன்னிசா உள்ளுக்குள் ஆறுதல்பட்டிருந்தாள். நிற்கவில்லை. வருடம் பிறந்தால் போதும், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி நானா குழறிக் குழறிக் கேட்கத் தொடங்கிவிடுவார்.

“செம்பவாங்குக்குச் சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு நானா.”

யாரிடம் சொல்வது? அங்கே அப்படி ஒரு குழு இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லியாச்சு என்றால்தான் அவர் சாப்பிட உட்காருவார்.

சனிக்கிழமைக் கூட்டம் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்தது. கீழே சுற்றுப்பயணிகளும், ஓய்வுநாளை ஒரு நாள் முன்பே கொண்டாட வந்த ஊழியர்களும் நெரித்துக்கொண்டிருந்தார்கள். செயற்குழு என்று பேர், வந்தது நாலு பேர். மலர் ஒன்று போட வேண்டும், அதில் போட்டியின் வரலாற்றை நூருன்னிசா எழுத வேண்டும் என்று முடிவானது. அவள்தான் தமிழ் நன்றாக எழுதுவாளாம்.

“எழுதறேன்” என்றாள். “ஆனா இந்த வருஷத்தோட நான் விலகிக்கறேன். இப்பவே சொல்லிட்டேன்.”

போன வருடமும் இதையேதான் சொன்னாள் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸைஃப் மட்டும் அவளை ஒரு கணம் பார்த்தான்.

“மாமி, ஹிஸ்ட்ரின்னா செம்பவாங் சைடும் கேக்கணும்ல? ஃபேஸ்புக்ல அந்த ஏரியா பழைய ஆளுங்க குரூப் ஒண்ணு இருக்கு. நான் போட்டு வைக்கிறேன்.”

அவன் போட்ட மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. அமலா என்ற பெண் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா ரத்னவேல் கப்பல்துறையில் வேலை பார்த்தவர், அந்தக் காலத்துக் கோல்கீப்பர், இன்னும் செம்பவாங்கில்தான் இருக்கிறார், வந்தால் பேசலாம். ஐம்பது வருடமாகக் கிடைக்காத ஆள் மூன்று நாளில் கிடைத்துவிட்டார். நூருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் இருக்கும் பிடோக்கிலிருந்து செம்பவாங்குக்குப் போய்வர ஆகும் நேரத்தை நினைத்ததும் அந்தச் சிரிப்பும் அடங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து நேரே கிளம்பினாள். ரயிலில் இடம் கிடைக்கவில்லை. முழங்கால் வலித்தது. நிலைய வாசலில் காத்திருந்த அமலா அவளைப் பக்கத்து கோப்பிக் கடைக்கு அழைத்துப்போனாள். மின்விசிறிக்குக் கீழே, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, ஒல்லியாக நீண்ட கைகளோடு ஒரு பெரியவர் பால் சேர்க்காத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் முகைதீனோட தங்கச்சி. டன்லப் ஸ்திரீட் டீம்.”

“எந்த முகைதீன்மா?”

அவள் எடுத்துச் சொன்னாள். இறுதியாட்டம், மழை, கடைசி நிமிடத்துப் பந்து. பெரியவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை தலையை ஆட்டினார். அவளுக்கு நம்பிக்கை வந்தது.

“ஞாபகம் வருதாண்ணே?”

“பிரியாணி குடுத்தீங்க. அது நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாருக்கும் ஒரு பொட்டலம், முட்டையோட. என் பொட்டலத்த நான் சாப்பிடவே இல்ல. கையில எடுத்துக்கிட்டு கேகே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இவ அன்னைக்குத்தான் பொறந்தா.” மகளைக் காட்டினார். “எங்கம்மாதான் வராண்டாவுல உக்காந்து அதத் தின்னுச்சு.”

“அந்த கோல்ணே?”

“எந்த கோல்?”

“நீங்க கோட்டு மேல புடிச்சீங்க. ரெஃப்ரி கோல்னு ஊதிட்டாரு. உங்க டீம் கோவிச்சுக்கிட்டு லாரி ஏறிப் போயிட்டீங்க.”

ரத்னவேல் மகளைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். தேடிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது.

“தோத்தோம்னு தெரியும். எப்படித் தோத்தோம்னு தெரியலம்மா. எத்தனையோ மேட்ச் ஆடியிருக்கோம். லாரி கப்பல்துறை லாரி. ராத்திரி ஷிப்டு ஏத்தறதுக்கு முன்ன திருப்பி விடணும், இல்லன்னா டிரைவருக்கு வேல போயிடும். அதான் அவசரமாக் கெளம்பியிருப்பாங்க.”

“அப்ப அடுத்த வருஷம் கூப்பிட்டதுக்கு ஏன் பதிலே போடல?”

“யாரு இருந்தா பதில் போட? குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொன்னாங்க. கிளப்பு இருந்த கட்டடமும் போச்சு. ஆளுக்கொரு பக்கமா ஃபிளாட் கெடச்சுப் போயிட்டோம். அதுக்கப்புறம் டீம்னு ஒண்ணு ஏது? கோவமெல்லாம் இல்லம்மா. எங்களுக்கு ஆளே இல்ல.”

நூருன்னிசா தன் முன்னால் இருந்த கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். ஐம்பது வருடக் கோபம். அதற்காகக் காலியாகக் கிடந்த எட்டாவது இடம். அவள் எட்டு வருடமாகச் சொல்லிவந்த பொய். எல்லாம் ஆளே இல்லாத ஒரு வீட்டு வாசலில் நின்று மணியடித்த கதையாக இருந்தது.

கிளம்பும்போது ரத்னவேல் கேட்டார். “செம்பவாங்னு பேர் சொல்லி ஆட ஆளுதானே வேணும் உங்களுக்கு? இப்ப ஊர்லேருந்து வந்து கப்பல்துறையில வேல பாக்குற பசங்க இருக்காங்க. ஞாயித்துக்கெழம எங்க புளோக் பக்கத்துத் திடல்ல ஆடுவாங்க. நான் போயி உக்காந்து பாப்பேன். சுரேந்தர்னு ஒருத்தன், நல்ல பையன். பேசிப் பாக்கட்டுமா?”

“பேசுங்கண்ணே” என்றாள் அவள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

நானாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் யோசிக்க அலுத்துப்போய் புக்கிட் பாஞ்சாங்கில் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டாள். இனிக் கோபம் என்று ஒன்று இல்லை, அவர் மனது லேசாகும் என்றுதான் நினைத்தாள். முகைதீன் சாய்வு நாற்காலியில் முழுவதையும் கேட்டார். சன்னலுக்கு வெளியே எல்ஆர்டி ரயில் வளைந்து போனது.

“ஞாபகம்... இல்லையாமா?”

“கோவமே இல்லயாம் நானா. அவங்க வீடு மாறிப் போயிட்டாங்களாம், அதான்.”

“கோல்... ஞாபகம் இல்லையா?”

“அவருக்கு வயசாகுது நானா. அன்னைக்கு அவருக்குக் கொழந்த வேற பொறந்திருக்கு.”

அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.  அவர் மனைவி, மச்சி ஃபஸீலா உணவு கொண்டுவந்து வைத்தபோது இடது கையால் தட்டைத் தள்ளினார். அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்து வந்த நாட்களிலும் போட்டியைப் பற்றி யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டார். செம்பவாங்குக்குச் சொல்லியாச்சா என்று கேட்பதையும் விட்டுவிட்டார்.

எதிரியாக இருந்திருந்தால்கூட அவரை நினைத்திருப்பார்கள். அவர்கள் நினைக்கவே இல்லை. அதுதான் அவரை அறுத்தது என்று நூருன்னிசாவுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஃபஸீலா ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். “ஏன் மச்சி போயிக் கெளறுனீங்க? இப்ப பாருங்க, சரியா சாப்பிடவும் மாட்டேங்குறாக.”

அதைக் கேட்டதும் நூருன்னிசாவுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. “நான் கெளறுனேனா? எட்டு வருஷமா வேலக்கிப் போயிட்டு வந்து, திடலுக்கு அலைஞ்சு, ரெஃப்ரிக்கு அலைஞ்சு, சோத்துக்கு அலைஞ்சு... எனக்கு இந்தப் பந்து புடிக்கவே புடிக்காது மச்சி. யாராச்சும் ஒரு நாளு கேட்டீங்களா, உனக்கு முடியுதான்னு?” என்று கத்தினாள். கத்திவிட்டு, எதிர்முனையில் ஃபஸீலா அழுவதைக் கேட்டு, சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். நானாவைக் குளிப்பாட்டி உடுத்தி நடமாட வைப்பது ஃபஸீலாதான். அவளிடமும் யாரும் கேட்கவில்லை. 

மலர் ஒருபக்கத் தாளாகச் சுருங்கியது. முதல் வருடம் வென்றது டன்லப் ஸ்திரீட், இரண்டாம் இடம் செம்பவாங் என்று எழுதி, அதற்குமேல் எதுவும் சேர்க்காமல் அனுப்பிவைத்தாள்.

போட்டி நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூண்டு போட்ட செயற்கைப் புல் திடல். காலையிலேயே அனல் பறந்தது. குழுக்களைப் பதிவு செய்து, நடுவருக்குத் தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்ஸ் ஆள் எங்கே என்று தேடி, நூருன்னிசா பத்து மணிக்கே துவண்டுபோனாள். செம்பவாங் குழு நேரம் தவறி வந்தது, அதுவும் ஐந்தே பேராக. முன்னால் வந்த சுரேந்தர், மெலிந்த உடம்பும் வெயிலில் கறுத்த முகமுமாக, இரண்டு கைகளையும் கூப்பினான்.

“மன்னிச்சுக்கங்கக்கா. ரெண்டு பேர ஓவர்டைம்னு நிறுத்திட்டாங்க. கப்பல் நாளைக்குப் போகணுமாம். நாங்க அஞ்சு பேரே ஆடுறோம்.”

“ராத்திரி தூங்குனீங்களாப்பா?”

“ரெண்டு பேரு தூங்கல. பரவால்லக்கா, ஆடிருவோம்.”

ஏழு பேருக்கு எதிராக ஐந்து பேர் ஆடினார்கள். எதிர்க்குழு டாக்சி ஓட்டுநர்கள், தொப்பையும் தந்திரமும் உள்ளவர்கள். முதல் பாதியில் சுரேந்தர் நடுத்திடலிலிருந்து உதைத்த பந்து யார் காலிலும் படாமல் கோலுக்குள் விழுந்தபோது கூண்டே அதிர்ந்தது. அதோடு சரி. இரண்டாம் பாதியில் கால்கள் ஓயவில்லை என்றாலும் வேகம் ஓய்ந்துவிட்டது. நாலுக்கு ஒன்று என்று தோற்றார்கள். நாக் அவுட் ஆட்டத்தில் தோற்றால் வேலை முடிந்தது. ஐந்து பேரும் கூண்டுக் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒருவன் பாதிச் சாப்பாட்டிலேயே தூங்கிப்போனான்.

மதியத்துக்கு மேல் அமலா தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து, நூருன்னிசா எதிர்பார்க்கவே இல்லை, ஸைஃப் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகைதீன் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார். முகம் இறுகியிருந்தது.

“எப்படிடா வரச் சம்மதிச்சாரு?” என்று அவள் மெல்லக் கேட்டாள்.

“நான் ஒண்ணும் சொல்லல மாமி. இன்னைக்குக் காலையில உம்மாகிட்ட அவரே சட்ட கேட்டாராம்.”

கூண்டுக்கு வெளியே மரநிழலில் ஒரு பெஞ்சு இருந்தது. ஸைஃப் நாற்காலியை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். பெஞ்சில் ரத்னவேல் இருந்தார். நூருன்னிசா இரண்டு பேரையும் அறிமுகம் செய்துவைத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்குமே அடையாளம் தெரியவில்லை. ரத்னவேல்தான் பேச்சை ஆரம்பித்தார், பிரஷர் மாத்திரை எத்தனை என்று. முகைதீன் விரலைக் காட்டினார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார் ரத்னவேல். இருக்கிறது. முழங்கால்? அதுவும்தான்.  கூண்டுக்குள் அரையிறுதி நடந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து முகைதீன் வாயைத் திறந்தார். “அந்த... கோல்.”

ரத்னவேல் நூருன்னிசாவை ஒரு பார்வை பார்த்தார். “அட, அது உங்க கோல்தாங்க. அப்படியே வச்சுக்குங்க. எனக்கென்ன, இத்தன வருஷம் கழிச்சு?”

முகைதீனின் முகம் சிவந்தது. நல்ல கையால் நாற்காலியின் கைப்பிடியை அடித்தார். “வேணாம். கு... குடுக்க வேணாம். நீங்க குடுத்து... வேணாம்.”

 நூருன்னிசா எழுந்து நடுவில் போகலாம் என்று நினைத்தாள். அதற்குள் ரத்னவேல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“குடுக்க வேணாமா? சரி. அப்ப உண்மையச் சொல்றேன். அது கோலே இல்ல.”

“கோல்!”

“எப்படிங்க கோலு? நான் இந்தக் கையால புடிச்சேன். பந்து கோட்டுக்கு வெளியில நிக்குது. உங்க ரெஃப்ரிக்கு மழையில கண்ணு தெரியல.”

“உள்ள... உள்ள போச்சு! முழுசா!”

“அரப் பந்துகூடப் போகல. நீங்க எங்க நின்னீங்க? தூரத்துல நின்னுக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கிட்ட... நான் கிட்டதான்...”

முகைதீன் உடம்பை முன்னுக்குத் தள்ளி, இடது கைவிரலால் தன் தொடையில் ஒரு கோடு போட்டார். இங்கே பந்து, இங்கே நீ, இங்கே நான். வார்த்தை வராத இடத்தில் விரல் பேசியது. ரத்னவேல் அந்தக் கோட்டை அழிப்பதுபோலக் கையை வீசி, தன் பக்கத்துக்கு வேறொரு கோடு போட்டார். எச்சில் ஒழுகுவதைத் துடைக்க ஸைஃப் குனிந்தபோது முகைதீன் அவனைத் தள்ளிவிட்டார். பல மாதமாக இவ்வளவு வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

நூருன்னிசா அமலாவைப் பார்த்தாள். அமலா மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை, அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. கோப்பிக் கடையில் நூருன்னிசா சொன்ன மழையையும் கோட்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுக்காமல், நல்ல உரத்த குரலில்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்மேல் உட்கார்ந்தாள். இறுதியாட்டம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அவள் கவனிக்கவில்லை. டாக்சி ஓட்டுநர்கள்தான் ஜெயித்தார்கள். கிண்ணத்தை யார் கொடுப்பது என்று தேடினார்கள். முகைதீன் வரமாட்டேன் என்று கையை ஆட்டினார், வழக்கு இன்னும் முடியவில்லையாம். கடைசியில் நூருன்னிசாவே போய்க் கொடுத்தாள். படம் எடுத்தார்கள். படத்தில் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

திடலை அடுத்து எடுத்திருந்தவர்கள் வாசலில் பந்தோடு காத்து நின்றார்கள். எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்த ஸைஃபிடம் அவள் சொன்னாள். “நான் மீட்டிங்ல சொன்னது நெசந்தான் ஸைஃபு. அடுத்த வருஷம் என்னால முடியாது.”

“தெரியும் மாமி.”

“நீ செஞ்சாலும் சரி, நிறுத்திட்டாலும் சரி. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

 அவன் ஒரு கூம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “சொல்லத் தெரியல மாமி. எனக்கும் வேல இருக்கு, பிள்ளைங்க இருக்கு. நாலு டீம் வச்சு சின்னதா பண்ணலாமான்னு பாக்கறேன். ப்ராமிஸ் பண்ணல.”

“பண்ணாத” என்றாள் அவள்.

மறுநாள் அவள் விடுப்பு எடுத்திருந்தாள். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் விழிப்பு வந்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல வலித்தது. கைப்பேசியில் ஃபஸீலாவின் குரல்செய்தி ஒன்று இருந்தது. நானா காலையில் இரண்டு தோசை சாப்பிட்டாராம். அந்த செம்பவாங் மனுஷனை மறுபடி எப்போது பார்ப்பது என்று கேட்கிறாராம், ஏதோ ஒரு பதிலைச் சொல்ல மறந்துவிட்டாராம். அடுத்த செய்தி சுரேந்தருடையது. அதிகாலையில், வேலைக்குப் போகும் லாரியிலிருந்து அனுப்பியிருப்பான் போல, பின்னால் காற்று இரைந்தது.

“அக்கா, நேத்து சரியா ஆட முடியல. அடுத்த வருஷமும் எங்களக் கூப்பிடுவீங்களா? ஏழு பேரா வர்றோம்.”

நூருன்னிசா அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு ஸைஃபின் எண்ணைத் தேடி எடுத்து சுரேந்தருக்கு அனுப்பிவைத்தாள். கீழே, ‘இவரிடம் கேளுங்கள் தம்பி’ என்று எழுதினாள். சன்னல் திரையை இழுத்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டாள்.